மச்சானுக்கு ஒரு மங்கல் விளக்கு

ஒரு மனிதரை வீட்டை விட்டு அனுப்ப அவரைப் புண்படுத்த வேண்டியதில்லை, வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும் என்பதை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். ஞானம் இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம். அது வந்த விதத்தில் அதைவிட வருத்தம்.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் வராதவர்கள் வந்து பேசுவார்கள். தண்ணீர் வந்தவர்கள், அது கலங்கலாக வந்தது என்று பேசுவார்கள். நான் கேட்பேன். கேட்பதுதான் வேலை. அதனால் மாலையில் வீடு திரும்பியதும் கூடத்தில் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில், மனிதக் குரலே காதில் விழாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வாழ்க்கையிடம் நான் கேட்டது அந்த அமைதி ஒன்றைத்தான்.

கொஞ்ச நாளாக அந்த நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஓய்வு பெற்றது அவர்தான், பிழைகள் இல்லை. தினமும் எனக்கு முன்பே வந்து நாற்காலியைப் பிடித்துவிடுவார். கையில் செய்தித்தாள், காதில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, உரக்கப் படிப்பார்.

"மாப்பிள்ளை, இதக் கேளுங்க. 'காற்றோட்டமான அரைகள் வாடகைக்கு.' சின்ன ர போட்டிருக்கான். அரை வீட்டை நம்பி யாரு குடிபோவா?"

"மச்சான், மனசுக்குள்ள படிக்கலாமே."

"மனசுக்குள்ள படிச்சா பிழை ஒளிஞ்சுக்கும் மாப்பிள்ளை. வாய்விட்டுப் படிச்சாத்தான் மாட்டும்."

சமையலறைக்குப் போய் மனைவியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தேன்.

"உங்க அண்ணன் தினமும் வர்றாரே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்குப் பிரச்சினை வேணுமா?"

"இல்ல, எப்பப் போவாருன்னு..."

"நான் போகச் சொல்லட்டுமா?"

இந்தக் கேள்விக்கு 'சொல்லு' என்று பதில் சொன்ன கணவர் எவரையும் நான் உயிரோடு பார்த்ததில்லை. திரும்பி வந்து, நான் வழக்கமாக மச்சான் போன்ற விருந்தாளிகளை உட்காரவைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன். அப்போதுதான் ஞானம் வந்தது.

கூடத்தில் நான்கு எல்.இ.டி. பல்புகள். பளீர் வெள்ளை. நானே தேடி வாங்கி மாட்டியவை. அந்த வெளிச்சத்தில் எறும்பின் முகபாவம் தெரியும். பிழை திருத்துபவருக்கு வெளிச்சம்தானே பிழைப்பு? அதில் கை வைத்தால்?

"கூடத்து விளக்குக்கு டிம்மர் சுவிட்ச் போடலாம்னு இருக்கேன். திருகினா வெளிச்சம் குறையும். மனசுக்கு அமைதியா இருக்கும்" என்றேன்.

"யார் மனசுக்கு?"

"பொதுவா."

"போடுங்க" என்றாள்.

முதல் தடவையிலேயே சம்மதித்துவிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இதற்கு முன்னுதாரணமே கிடையாது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்து, நான் வாங்கி வைத்திருந்த டிம்மரைப் பொருத்திவிட்டுப் போனார். மாலையில் மச்சான் தலையங்கத்தில் இருந்தபோது நான் எழுந்துபோய் மெல்லத் திருகினேன். வெளிச்சம் குறையவில்லை. துடித்தது. நான்கு பல்புகளும் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கின. சுவிட்சுக்குள்ளிருந்து வண்டு ஒன்று ரீங்காரம் செய்தது.

"வெளிச்சம் திக்குது மாப்பிள்ளை" என்றார் மச்சான். பல்பு வந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். விரல் வைத்தார். "'மங்கலாக்கும் சுவிட்சுடன் பயன்படுத்த வேண்டாம்.' கடுகளவு எழுத்துல போட்டிருக்கான். ஆனா பிழையில்லாமப் போட்டிருக்கான். வாங்க, கடைக்கு நானும் வர்றேன்."

வெட்டப்படப் போகிற ஆடு, கத்தி சரியில்லை என்று கசாப்புக்காரனைச் சாணை பிடிக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறது.

கடைக்காரர் பொறுமையானவர். "டிம்மருக்குன்னே தனி எல்.இ.டி. இருக்கு சார். அட்டையில போட்டிருக்கும், அதப் பாத்து எடுக்கணும். சுவிட்சையும் மாத்திருங்க. நீங்க வாங்கினது பழைய குண்டு பல்புக்கானது. எல்.இ.டி. இழுக்குற கொஞ்சம் கரண்டு அதுக்குப் பத்தாது. பல்பு என்ன கலர்ல தரட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "மஞ்சள்" என்றார். "மஞ்சள்தான் மாப்பிள்ளை. கண்ணுக்கு இதமா இருக்கும்."

இந்த முறை வெளிச்சம் சொன்னபடி கேட்டது. முதல் நாள் கொஞ்சம் குறைத்தேன். செய்தித்தாள் மச்சானின் முகத்துக்கு அருகே வந்தது. மறுநாள் இன்னும் குறைத்தேன். தாள் மூக்கைத் தொட்டது. அதற்கு அடுத்த நாள் மச்சான் செய்தித்தாளை மடித்தார். பேனாவை மூடினார். "கண்ணு போதும்னு சொல்லுது மாப்பிள்ளை. வர்றேன்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நாற்காலி எனக்கே திரும்பி வந்தது. சாய்ந்தேன். மஞ்சள் வெளிச்சம். ஒரு குரல் இல்லை. ஆனால் அந்த அமைதி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. அப்புறம் மனசாட்சி படிக்க ஆரம்பித்தது, வாய்விட்டு. வயதான மனிதர். வாழ்நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே கண்ணைத் தேய்த்தவர். அவர் கண்ணிலேயே கை வைத்தாயே, நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?

தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். மச்சான் வராந்தாவில், டியூப்லைட்டுக்கு அடியில், ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனசுக்குள்.

"மச்சான், மன்னிக்கணும். நான் விளக்கைக் குறைச்சது உங்களுக்காகத்தான். உங்களைக் கிளப்பத்தான்."

"தெரியும் மாப்பிள்ளை. நல்லாக் குறைச்சீங்க."

"தெரியுமா?"

"அதுக்குத்தானே வந்தேன். அந்த வெள்ளை வெளிச்சம் தங்கச்சிக்குத் தலைவலியாம். மாத்துங்கன்னு கேட்டா, 'வெளிச்சத்தை எவனாவது குறை சொல்லுவானா'ன்னீங்களாம். 'அண்ணே, நான் சொன்னா அவர் மாத்த மாட்டாரு. அவருக்கா தோணணும். கொஞ்ச நாள் வந்து அவர் நாற்காலியில உக்காந்து பேப்பர் படி. உன்னைக் கிளப்ப அவரே விளக்கைக் குறைப்பாரு'ன்னா."

"உரக்கப் படிச்சது?"

"அதுவும் அவதான். எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."

"மஞ்சள் பல்பு?"

"தனியா விட்டா நீங்க மறுபடியும் வெள்ளைக்குத்தான் போவீங்கன்னு, கடைக்குக் கூடவே போகச் சொன்னா." அவர் செய்தித்தாளை மடியில் வைத்தார். "நாற்காலி உங்களுதுதான் மாப்பிள்ளை. நிம்மதியா இருங்க."

வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அந்த இளமஞ்சளில் அவள் நெற்றி சமமாக இருந்தது. இத்தனை காலம் அது சுருங்கியிருந்தது என்பது, சுருக்கம் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்ன மனிதன் நான் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்."

"இனிமே இதெல்லாம் வேணாம். என்ன வேணும்னாலும் நேராக் கேளு. உடனே செய்றேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"நெஜமாவா?"

"சத்தியமா."

"குளியலறைக் கதவைச் சாத்தவே முடியல. தச்சரைக் கூப்பிடுங்க."

"அது ஒண்ணுமில்லம்மா. ஈரத்துல மரம் உப்பியிருக்கு. வெயில் வந்தா தன்னால சரியாயிடும். தச்சர் எதுக்கு?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நெனச்சேன். அதான் உங்க அக்காவை வரச் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க, ஒரு மாசம் இருப்பாங்க."