மூச்சு வாத்தியார்

மனைவி எழில்மதிக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் பகலவன் ஒரு பெரிய முடிவெடுத்தான். இந்தத் தடவை அவளைப் பயப்பட விடக் கூடாது.

போன தடவை ஆறாம் மாதத்திலேயே பிள்ளை தங்காமல் போயிற்று. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன் அவன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரித் தெருப்பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்தது சுலபமாகத்தான் இருந்தது. "கண்ண மூடி, மூச்சு உள்ள வர்றதயும் வெளிய போறதயும் கவனிங்க. பயம் வந்தா தொரத்தாதீங்க, சும்மா பாத்துக்கினு இருங்க. வூட்டுக்காரரும் கூட உக்காரணும்."

கூட உட்காருவதா? பகலவன் வாத்தியாராகவே ஆகிவிட்டான். சாயங்காலமானால் பாயை விரித்துவிடுவான்.

"மூச்ச கவனி."

"மூச்சு அதும்பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது. என் கால கவனி மாமா, வீங்கிக்கினு இருக்குது."

"பேசக் கூடாது. மனசுல இன்னா ஓடுது?"

"அடுப்புல களி."

"வர்ற நெனப்பு வரட்டும், போவட்டும். ஒட்டிக்கக் கூடாது."

"கிண்டாம வுட்டா களி ஒட்டிக்கும் மாமா."

மாதம் நிறைந்து, ஒரு காலையில் வலி கண்டது. ஆலை வாசலில் வரிசையில் நின்ற டிராக்டரைச் சிநேகிதன் வேடியப்பனிடம் விட்டுவிட்டு ஓடிவந்தான். திருக்கோவிலூருக்கு ஆட்டோவில் போகும்போது வாத்தியாருக்கு எல்லாப் பாடமும் மறந்துபோயிற்று. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. எழில்மதி பல்லைக் கடித்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச வுடு மாமா."

"வுட்டுக்கினுதான இருக்கறேன்."

"இழுத்துக்கினு மட்டுந்தான் இருக்கற. வுடு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "வலி யாருக்குங்க?"

ஒரு வலி அடங்கியதும் அவள் மெல்லச் சொன்னாள். "உன்னயும் உக்கார வெக்கச் சொல்லி நர்சம்மாகிட்ட கேட்டதே நான்தான். போன தடவ நீ சுருண்டு கெடந்தத மறக்கவே முடியல. என்னய நெனச்சு எனக்குப் பயமில்ல மாமா. உன்ன நெனச்சுத்தான்."

பகலவன் இழுத்துவைத்திருந்த மூச்சை விட்டான்.

பிரசவ அறைக்குள் அவளோடு அவள் அம்மா போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. போன தடவையும் இப்படித்தான் சத்தமில்லாமல் இருந்தது. பயம் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினான். பயமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உட்காரட்டும் என்று விட்டுவிட்டு, மூச்சு வருவதையும் போவதையும் முதல்முதலாக உண்மையிலேயே கவனித்தான்.

அப்போதுதான் உள்ளே ஒரு குரல் வீறிட்டது. பெண் குழந்தை. பகலவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம். பிள்ளை அழுத அழுகையில் ஓடு பிய்த்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது. கொஞ்சங்கூடத் தூங்காமல் எழில்மதி துவண்டுபோயிருந்தாள். பகலவன் பிள்ளையை வாங்கி, பாயில் மல்லாந்து நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டான். அழுகை விம்மலாயிற்று. விம்மலும் அடங்கிற்று.

"பாத்தியா எழிலு? எம் மூச்சுக்கே தூங்கிடுச்சு!"

"பாத்தேன் மாமா. அசஞ்சா முழிச்சுக்கும், அப்டியே இரு" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நிமிடம் குறட்டை.

பகலவனின் மூக்கு நுனியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவனால் அதைக் கவனிக்கத்தான் முடிந்தது.