நாலாவது மாடியில் காய்ந்த நீலப் பெட்ஷீட்

என் வீட்டுக் கதவை நானே ஆள் அனுப்பி உடைத்திருக்கிறேன். அது உடைந்த நேரத்தில் நான் வங்காள விரிகுடாவில், அரைக்கால் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் கப்பலில் நின்றுகொண்டிருந்தேன். (சுற்றிலும் சுமார் நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். அந்த வயிற்றெரிச்சலை அப்புறம் சொல்கிறேன்.)

நான் கணக்கு வாத்தியார். மனைவி சாந்தி, ஒன்பதாவது படிக்கும் மகள் நிலா. பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த ஐந்து மாடிக் குடியிருப்பில், நாலாவது மாடி எங்களுடையது. பால்கனியில் நின்று போகிற கப்பலையெல்லாம் பார்த்து ஏங்கியே, போன வருடம் ஒன்றில் குடும்பத்தோடு ஏறிவிட்டோம். சென்னையில் கிளம்பி விசாகப்பட்டினம் போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. சாந்தி மட்டும் வேளைக்கு ஒரு தடவை, "ஏங்க, பால்கனிக் கதவைப் பூட்டினீங்களா?" என்று கேட்டாள். நானும் வேளைக்கு ஒரு தடவை "பூட்டினேன்" என்றேன். (சத்தியமாக ஞாபகம் இல்லை.)

சனி பிடித்தது கடைசி இரண்டு நாளில். திரும்பி வரும்போது காற்றும் அலையும் பலமாக இருந்ததால் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியவில்லை. அடங்கும்வரை வெளியிலேயே நங்கூரம் போட்டு நிற்போம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போனால், எதிரே, மழையில் அலம்பிவிட்டது போல எங்கள் பட்டினப்பாக்கம்! ஊர் பார்க்கக் கிளம்பியவன் சொந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் பைனாகுலரில் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சி வாங்கினேன். எங்கள் கட்டடம் தெரிந்தது. கீழ்ப்பகுதியைக் குடிசைகளும் மரங்களும் மறைத்ததால் மாடிகளை மேலிருந்து எண்ணினேன். உச்சியில் இருப்பது ஐந்து, அதற்குக் கீழே நாலு. அந்த நாலாவது மாடி பால்கனியில் ஒரு பெரிய நீலப் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

பூட்டிய வீட்டில் பெட்ஷீட்!

"சாந்தி, நம்ம வீட்டுல திருடன்!"

"திருட வந்தவன் எதுக்குங்க துணி துவைக்கணும்?"

"தங்கிட்டான்டி! நாலு நாளா நம்ம வீட்டுல குடித்தனம் பண்றான்!"

கரை பக்கத்தில் இருந்ததால் போனில் சிக்னல் இருந்தது. எங்களுக்கு நேர் மேலே, ஐந்தாவது மாடியில் இருக்கும் புஷ்பா அக்காவைக் கூப்பிட்டேன். மீன் விற்கிறவர். படகுகள் போகாததால் அன்று வீட்டில் இருந்தார். சாந்தியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். (கப்பலே கேட்டது.)

"இன்னா சார், வந்துட்டியா?"

"அக்கா, மெதுவா பேசுங்க. எங்க வீட்டுல ஆள் புகுந்திருக்கு. நான் கப்பல்லேர்ந்து பாத்துட்டே இருக்கேன்."

"யம்மாடி! ஒரு சத்தமும் இல்லியே சார். இரு, பால்கனியாண்ட போய்ப் பாக்கறேன்."

அதே நொடியில் பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் வெளியே வந்தது.

"அக்கா, வந்துட்டா! பொம்பளை! காதுல போனை வெச்சிட்டுப் பேசறா!"

"யாராண்ட பேசறா?"

"தெரியலையே! கூட்டாளிங்களா இருக்கும்! ஐயோ, குனிஞ்சு கீழ பாக்கறா அக்கா! குதிக்கப் போறா!"

"நானும் கீழதான் சார் குனிஞ்சி பாத்துக்கினு கீறேன். ஒருத்தியும் காணமே!"

"அவ்ளோ சாமர்த்தியம் அவளுக்கு! அக்கா, நகையெல்லாம் சமையல் ரூம் உளுந்து டப்பால இருக்கு!"

சாந்தி என் வாயைப் பொத்தினாள். அதற்குள் நாற்பது பேருக்கு உளுந்து டப்பா தெரிந்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டோடு வந்து நின்றவர்களும் உண்டு.

"நீ கவலப்படாத சார்," என்றார் புஷ்பா அக்கா. "என் தம்பிங்க ரெண்டு பேரும் சும்மாதான் குந்திகினு கீறானுங்க. கதவ ஒடச்சிரலாமா?"

சாவி எங்கள் பையில். "உடைங்க!" என்றேன், படைத்தளபதி மாதிரி. போன் வழியாகக் கடப்பாரைச் சத்தம் கேட்டது. மேல்தளத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"உள்ள பூந்துட்டோம் சார். யாரும் இல்ல. தம்பி உன் பால்கனில நின்னு துண்டு ஆட்டறான், தெரியுதா?"

பார்த்தேன். பெட்ஷீட்டுக்கு அடுத்த கீழ்மாடியில் ஓர் ஆள் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! அது மூணாவது மாடி! அடுத்தவர் வீட்டுக் கதவை உடைச்சிட்டீங்க!"

"இல்லியே சார். உன் பொண்ணு போட்டா மாட்டிக்கீதே."

"அவர் வீட்டுல எதுக்கு என் பொண்ணு போட்டோ?" என்று நான் கொதித்தேன்.

நிலா என் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, மொட்டை மாடியில இருக்கற தண்ணித் தொட்டி ரூமையும் ஒரு மாடின்னு எண்ணிட்டியா?"

எண்ணியிருந்தேன்.

போனில் புஷ்பா அக்கா விடவில்லை. "அப்போ போன் பேசிக்கினு இருந்தாளே ஒரு திருடி, அது யாரு சார்?"

பொய் சொல்ல நல்ல தருணம்தான். ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. "நீங்கதான்க்கா" என்றேன்.

அதன் பிறகு கப்பலில் எழுந்த சிரிப்பைப் பற்றி எழுத விருப்பமில்லை. பெரியவர் மட்டும் சிரிக்காமல் பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் போன இடமெல்லாம், "சார், உளுந்து பத்திரமா?" என்று விசாரித்தார்கள். லிஃப்டில் போகவே பயந்து படியேறினேன். (மாடி எண்ணாமல்.)

மறுநாள் மதியம் கரையிறங்கி வீட்டுக்கு ஓடினோம். கதவு இருந்த இடத்தில் அந்த நீலப் பெட்ஷீட் தொங்கியது. அதற்கு முன்னால் புஷ்பா அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து அவரும் தம்பிகளும் மாறி மாறிக் காவல். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வுடு சார்," என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூரத்துலேர்ந்து பாத்தா நான் திருடி மாதிரியா கீறேன்?"

தச்சர் வர பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை பெட்ஷீட்தான் கதவு. தட்டுவதற்கு வழியில்லாததால் வந்தவர்கள் இருமினார்கள். சாந்தி நகையை இடம் மாற்றிவிட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்வதாக இல்லை. நிலா என் பள்ளியிலேயே படிப்பதால், வகுப்பில் நான் எதை எண்ணச் சொன்னாலும் கடைசி பெஞ்சிலிருந்து, "தண்ணித் தொட்டியையும் சேத்தா சார்?" என்று ஒரு குரல் வரும்.

புஷ்பா அக்காவோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தவறாமல் போன் செய்கிறார். "சார், துணி காயப்போட பால்கனிக்குப் போறேன். நான்தான். ஆள் அனுப்பிடாத."