நீங்கள் திட்டியது வேறு ஆளை, மாமா

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே நானும் என் குடுவைகளும் நலம். அங்கே உங்கள் முழங்கால், கடை வியாபாரம், அம்மாவின் கோபம் எல்லாம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, கஸ்டமர் வந்துட்டாரு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நேர்காணல் போச்சு. ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தரும் ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால் உங்கள் பைப் கடையில் கணக்கு பார்க்க வருகிறேன் என்று சொன்னபடி வந்துவிடுகிறேன். எனக்காகச் சுழல்நாற்காலி வாங்கி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். எனக்கென்று யாரும் இதுவரை நாற்காலி வாங்கியதில்லை. லேபில் முக்காலிதான், அதிலும் ஒரு கால் ஆடும்.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தை போன பிறகு ஒருநாள் லேபுக்கு வந்தீர்களே, "அவளக் கொன்னது எதுன்னு காட்டு" என்றீர்களே. கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் வளரும் குடுவையை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். நெடுநேரம் பார்த்தீர்கள். கண்ணை எடுக்காமலே ஆரம்பித்தீர்கள். "நாசமாப் போறவனே, உனக்கு அவ என்னடா கொறை வெச்சா" என்று தொடங்கியது, மூச்சு வாங்கும் வரை நிற்கவில்லை. லேப் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. சரக்கு அனுப்பாத கம்பெனிக்காரனைக்கூட நீங்கள் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. நீங்கள் போனபின் என் சீனியர் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நம்ம மருந்துக்குக்கூட இதுங்க இவ்ளோ பயந்ததில்லடி."

அந்தத் திட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேர்காணலுக்கு முன்னால், இளம் புற்றுநோய் ஆய்வாளர்கள் முன்னேறுவதற்கென்று ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள். குளிரூட்டிய அரங்கம், நடந்தால் சத்தமே வராத விரிப்பு, பேனாவில்கூட பொன்னெழுத்து. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் லேபில் உறைவுப்பெட்டி பழுதானால், ரிப்பேர் செய்ய ஒப்புதல் வருவதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும். கோட்டு போட்ட பயிற்சியாளர் சொன்னார்: "லிஃப்ட்ல ஒரு பெரிய பணக்காரர் ஏறுறார்னு வைங்க. அவர் எறங்குறதுக்குள்ள உங்க ஆராய்ச்சி அவர் மனசுல ஏறிடணும்." பக்கத்தில் இருந்தவன் கை தூக்கினான். "சார், எங்க கட்டடத்துல லிஃப்ட் இல்ல. மாடிப்படில சொல்லலாமா?" அவர் யோசித்துவிட்டு, "பணக்காரர் படியேற மாட்டாரேப்பா" என்றார். உண்மைதான், அதையும் எழுதிக்கொண்டோம்.

அக்காவுக்கு அந்த முகாமில் இடமில்லை. இரண்டு குழந்தை பெற்று, படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் பார்த்து, அதன்பின் வேலைக்குத் திரும்பியவள் அவள். வயது வரம்பைத் தாண்டிவிட்டாள் என்றார்கள். புற்றுநோய் வருவதற்கு வயது வரம்பு கிடையாது, அதை ஆராய்வதற்கு உண்டு. இந்த விதியை எழுதியவன் யார் என்று தெரிந்தால், மாமா, உங்களைக் கூட்டிப்போய் அவன் எதிரில் நிறுத்துவேன்.

அதே பயிற்சியாளர்தான், "உங்க செல்லுக்கு டிஎன்ஏ சோதனை செஞ்சாச்சுன்னு ஒரு வரி சேத்துக்கோங்க, கம்பீரமா இருக்கும்" என்றார். செய்யாமல் எப்படிச் சேர்ப்பது? மாதிரி எடுத்து அனுப்பினேன். எங்கள் லேபில் அதுவரை யாரும் அனுப்பியதில்லை. இத்தனை நாள் வளர்த்த பிள்ளை நம் பிள்ளைதானா என்று கேட்பதுபோல ஒரு கூச்சம். நேர்காணல் அன்று, வெளியே காத்திருந்தபோது போனில் முடிவு வந்தது. அது கல்லீரலே இல்லை மாமா. முகம் தெரியாத யாரோ ஒருவரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். என்றைக்கோ யாரோ ஒரே குழாயை இரண்டு குடுவையிலும் விட்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு போதும், வேகமாகப் பெருகுவது மற்றதை ஒழித்துவிட்டு அதன் பெயரிலேயே குடியேறிவிடும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வந்ததோ பிரமிப்பு. அந்த மனிதர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். அவரிடமிருந்து வந்த ஒரு சொட்டு, யார் தயவும் இல்லாமல், எந்த உதவித்தொகைக்கும் கை நீட்டாமல், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குத்தான் நான் இத்தனை நாள் சோறு போட்டேன். அதைத்தான் நீங்கள் திட்டினீர்கள்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடுக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு வாயத் தொறக்காத. மொதல்ல ஃபெலோஷிப்ப வாங்கு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அக்காவுக்குப் போட்டேன். முடிவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "உங்க மாமா அவ்ளோ திட்டினாரேடி, பாவம்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

உள்ளே போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களின் பெயர்களையெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தவள் நான். கும்பிடுவதா, கை குலுக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி செய்தேன். தேர்வுக்குழுத் தலைவர், "சொல்லும்மா" என்றார். "சார், நான் இதுவரைக்கும் செஞ்சது கல்லீரல் இல்ல சார். இப்பதான் தெரிஞ்சுது." தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த செல் எங்க வாங்கினீங்க?" "உங்க லேப்லதான் சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பக்கத்து அம்மையார், "அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்றார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அதில்தான் இறங்கினேன். ஒரு பணக்காரரும் ஏறவில்லை.

ஆகவே நாற்காலியின் பாலித்தீன் உறையைப் பிரித்துவிடுங்கள். கடையில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், முடிந்தால் அவள் சாப்பிட்ட பிறகு. முழங்காலுக்குத் தைலம் மறக்க வேண்டாம்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
தங்கை மகள்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து, கடிதம் வாரக்கணக்கில் பையிலேயே கிடந்தது. அதற்குள் அந்தத் தலைவர் போன் செய்தார். "எங்க குடுவை எல்லாத்தையும் சோதிச்சோம்மா. எல்லாத்துலயும் அதே ஆளுதான்." குரல் உடைந்திருந்தது. "எங்ககிட்ட வாங்கின லேப் ஒவ்வொண்ணுலயும் போய்ச் சோதிக்கணும். நீ வர்றியா?" சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "அதுக்கு இனிமேதான் விண்ணப்பிக்கணும்மா." அக்காவையும் கூட்டி வரலாமா, அவளுக்கு வயது தாண்டிவிட்டதே என்றேன். "கத்துக்க வர்றவங்களுக்குத்தான் வரம்பு. கத்துக்குடுக்க வர்றவங்களுக்கு அதெல்லாம் இல்ல." இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள், பிறகு முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் ஆகாது.

உண்மையான கல்லீரல் செல்கள் போன வாரம் வந்து சேர்ந்தன. இப்போது குடுவையில் ஒட்டிப் பிடித்து வளர்கின்றன. கடையை ஒருநாள் அடைத்துவிட்டு வாருங்கள் மாமா. இந்தத் தடவை சரியான ஆள்தான், நானே மாதிரி அனுப்பிச் சோதித்துவிட்டேன்.