கையேட்டில் ஏறாத காவடிக் கடை

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க பாவா" என்று சொல்லி அம்சா செல்போனை மயிலிறகுக் கட்டின்மேல் போட்டாள்.

அவள் கணவன் பரந்தாமன் காவடிக்கு மணி கட்டிக்கொண்டிருந்தான். "இந்த வாட்டி இன்னாவாம்?"

"'தமிழ்நாட்டின் நம்பர் ஒன் காவடிக் கடை'ன்னு போட்டுகினேன் இல்ல? அதுக்கு ஆதாரம் கேக்கறாங்க."

"நம்பர் டூன்னு போட்டுடேன்."

"அதுக்கும் ஆதாரம் கேப்பாங்க."

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அவர்கள் கடை. வேண்டுதல் உள்ளவர்களுக்குக் காவடி வாடகைக்குக் கொடுப்பார்கள். மகளிர் குழுப் பெண்களுக்கு நடந்த கம்ப்யூட்டர் பயிற்சியில் கற்றுக்கொண்டு, கடைக்கு ஒரு வெப்சைட்டை அம்சா தானே உருவாக்கியிருந்தாள். படம் எடுத்தது, எழுதியது, எழுத்துப்பிழை விட்டது எல்லாம் அவளேதான். வெளியான அன்று சந்து முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

எதிரே இன்னொரு காவடிக் கடை வைத்திருந்த நாகேந்திரன் பொங்கலை வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது தங்கச்சி. ஆனா இத்த யாரு படிப்பாங்க?" என்று கேட்டான். பொங்கலைத்தான் பாராட்டினான் என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. பயிற்சி கொடுத்த டீச்சரிடம் வழி கேட்டாள். 'இணையக் கையேடு' என்று ஒன்று இருக்கிறது, நல்ல தமிழ்த் தளங்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், இயந்திரம் தேர்ந்தெடுப்பதில்லை, ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார் என்றார் டீச்சர். அன்றே அம்சா விண்ணப்பித்தாள். உங்கள் தளம் வரிசையில் உள்ளது என்று பதில் வந்தது.

"எத்தினி ஆயிரம் பேரு நிக்கறாங்களோ" என்றாள் பயபக்தியோடு.

பிறகுதான் திருத்தங்கள் ஆரம்பித்தன. முதலில் எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினாள். அடுத்து நம்பர் ஒன்னை எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது.

'அன்புடையீர், தங்கள் தளத்தில் விலைப்பட்டியல் மட்டுமே உள்ளது. வாசகருக்குப் பயன்படும் செய்தி ஏதேனும் எழுதினால் பரிசீலிக்கலாம். இவண், தங்கவேல், தொகுப்பாசிரியர், கோயில்கள் மற்றும் விழாக்கள்.'

பயன்படும் செய்தி என்றால் என்ன? அம்சாவுக்குத் தெரிந்தது காவடி கட்டுவது. மூங்கிலை எப்படி வளைப்பது, துணியை எப்படி இழுத்துச் சுற்றுவது, இறகு கலையாமல் எங்கே முடிச்சுப் போடுவது என்று படம் போட்டு விளக்கமாக எழுதினாள். தங்கவேல் மகிழ்ந்துபோனார். 'மிகத் தெளிவு. சிறு பிள்ளையும் கட்டிவிடும்' என்று எழுதினார்.

சிறு பிள்ளை கட்டவில்லை. பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து போன் வந்தது.

"அக்கா, வருஷா வருஷம் ஒங்ககிட்ட எடுப்போமே, நாங்கதான். இந்த வருஷம் காவடி வேணாங்க்கா. ஒங்க சைட்ட பாத்து நாங்களே கட்டிட்டோம். எங்க தெருவே கட்டிகினு கீது!"

"ஆங்... நல்லாருங்க" என்று சொல்லி அம்சா போனை வைத்தாள்.

"இன்னாவாம்?" என்றான் பரந்தாமன்.

"படிக்கறாங்க பாவா" என்றாள். குரலில் பாதி பெருமை, பாதி கலக்கம்.

அதோடு ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த கடிதம் வேறொன்று சொன்னது. 'ஒரு கடையை மட்டும் குறிப்பிட்டால் அது விளம்பரமாகிவிடும். ஊரிலுள்ள பிற கடைகளையும் சேர்க்க வேண்டுகிறேன்.' கீழே ஒரு பின்குறிப்பும் இருந்தது. 'மலைமேல் இப்போது காற்று அதிகமா? வகைப்பாட்டுக்குத் தேவைப்படுகிறது.'

காற்று நிலவரத்தை அம்சா விரிவாக எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நாகேந்திரன் கடையின் பெயரையும் போன் நம்பரையும் தளத்தில் சேர்த்தாள்.

அந்த வார இறுதியில் நாகேந்திரன் கையில் ஜாங்கிரிப் பெட்டியோடு வந்தான்.

"பொதட்டூர்பேட்டைலர்ந்து ஒரு கூட்டமே எங்கிட்ட புக் பண்ணிடுச்சு தங்கச்சி. நீ எழுதினதப் பாத்துதான் வந்தாங்களாம். ஒனக்கு எவ்ளோ பெரிய மனசு!"

பரந்தாமன் பெட்டியை வாங்கி வைத்தான். நாகேந்திரன் போனதும் ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதான் இந்த சீசனுக்கு நம்ம வருமானம், பாத்துத் தின்னு" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு திருத்தம்தான் பாவா சொல்லிகீறாரு."

அது உண்மைதான். குறைகளையும் நடுநிலையோடு சொல்லும் தளத்தையே வாசகர் நம்புவார் என்று தங்கவேல் எழுதியிருந்தார். அம்சா யோசித்து யோசித்துப் பார்த்தாள். காவடியில் ஒரு குறையும் தென்படவில்லை. திரும்பிப் பார்த்தாள். பரந்தாமன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். 'கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார். எழுப்பினால் எரிந்து விழுவார்' என்று நடுநிலையோடு எழுதினாள்.

மறுநாளிலிருந்து மதியத்தில் ஈ, காக்கைகூடக் கடைப்பக்கம் வரவில்லை. காலையில் வந்தவர்களும் வாசலில் நின்று, "அண்ணன் முழிச்சிகினு கீறாரா?" என்று கிசுகிசுத்தார்கள்.

"ஊரு பூரா சொல்லிட்டியே அம்சா" என்று பரந்தாமன் அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மதியம் தூங்கக்கூட இல்லை.

தங்கவேலோ விடுவதாக இல்லை. காற்புள்ளி ஒன்றை இடம் மாற்றச் சொன்னார். மாற்றினாள். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தாள். ஆடிக்கிருத்திகையன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு, வகைப்பாட்டுக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டார். மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுக் கெட்டியாகக் காரக்குழம்பு என்று செய்முறையோடு அனுப்பினாள். சாப்பாட்டு வேளையில் படித்ததாகவும், விளக்கம் நிறைவாக இருந்ததாகவும் பதில் வந்தது. தளம் மட்டும் ஏறவில்லை.

ஆடிக்கிருத்திகை நெருங்கிவிட்டது. கடையில் பாதிக் காவடிகள் சுவரில் சாய்ந்தே நின்றன. அப்போது இன்னொரு கடிதம் வந்தது. 'மயில் காவடியின் வளைவு புகைப்படத்தில் சரியாகத் தெரியவில்லை.'

அம்சா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கடையிலேயே பெரிய மயில் காவடியைத் தோளில் தூக்கினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் பரந்தாமன்.

"அரக்கோணம். அந்தாளோட விலாசம் கையேட்டுலயே கீது. கண்ணால பாக்கட்டும் வளைவ!"

ரயிலில் ஏறியதும் பெட்டியே எழுந்து நின்றது. "அரோகரா!" என்றார் ஒரு பெரியவர். ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைக் காவடிக்கு அடியில் மூன்று முறை நுழைத்து எடுத்தாள்.

"இது வேண்டுதல் இல்லங்க. வெப்சைட் விஷயமாப் போறேன்" என்றாள் அம்சா.

"எல்லாம் முருகன் பாத்துப்பாரும்மா" என்றார் பெரியவர்.

அரக்கோணத்தில் வழி கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெருவே அவளை அழைத்துக்கொண்டு போய்த் தங்கவேல் வீட்டு வாசலில் விட்டது. கதவைத் திறந்த அவர் மனைவி கௌரியம்மாள் காவடியைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு திரும்பி வந்து, அம்சா வாயைத் திறப்பதற்குள் அவள் காலில் ஊற்றிக் கும்பிட்டாள்.

"அய்யோ, வேணாங்க! நான் தங்கவேல் சாரப் பாக்க வந்தேன். திருத்தணி, காவடிக் கடை."

கௌரியம்மாள் நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது. "காரக்கொழம்பு அம்சாவா? உள்ள வாம்மா!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஒருவர் வந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி. பெரிய ஆபீசையும் அதில் அதட்டுகிற அதிகாரியையும் கற்பனை செய்துகொண்டு வந்த அம்சா திகைத்துப்போனாள். தங்கவேலும் திகைத்துத்தான் நின்றார். அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார், தலையைக் கையால் படிய வாரினார். காவடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"படத்துல பாத்ததவிட நல்லாருக்கும்மா."

"அப்ப ஏத்துங்க சார்."

"ஏத்தலாம். தாராளமா ஏத்தலாம். ஆனா ஒரு சின்ன..."

"இன்னும் இன்னா சார் திருத்தம்?" அம்சா காவடியைத் தரையில் இறக்கி வைத்தாள். "எதிர்க்கடைக்கு நானே ஆள் அனுப்பினேன். எங்க ஊட்டுக்காரரு தூங்கறதக்கூட எழுதினேன். நீங்க காத்து கேட்டா காத்து, கொழம்பு கேட்டா கொழம்பு, எல்லாம் எழுதி அனுப்பினேன். இத்தினி வாட்டி திருப்பி அனுப்பறீங்களே, நான் எழுதறது அவ்ளோ மோசமாவா சார் கீது?"

தங்கவேல் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மோர் கொண்டுவந்த கௌரியம்மாள் டம்ளரை அம்சாவின் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"மோசமாருந்தா அன்னிக்கே ஏத்திட்டு வுட்டிருப்பாரும்மா, அந்தக் கையேட்டுக்கு ரெண்டு வருஷத்துல எழுதினதே நீ ஒருத்திதான், ஏத்திட்டா நீயும் நிறுத்திடுவியேன்னுதான் திருத்தம் திருத்தம்னு இழுத்துகினு கீறாரு."