முதல் ரிங்கிலேயே எடுத்த முதலாளி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: விஜயபாஸ்கர், வயது இருபத்திரண்டு, பி.இ. கம்ப்யூட்டர், விசிட் விசா, அதில் மீதி பதினொரு நாள். அவன் தாய்மாமன் கார்மேகம், ஏ.சி. மெக்கானிக், துபாயில் பதினேழு வருடம். கீழக்கரை ஜெய்னுலாப்தீன், சத்வாவில் துணிக்கடை, அறைக்குப் பெரியவர். தையல்காரர் சாதிக் பாட்ஷா சமையல் மேடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியதால் அவருடைய காதுகள் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை.

இடம், கராமாவில் நால்வரும் தங்கியிருந்த ஒற்றை அறை ஃபிளாட். நேரம், ஞாயிறு பகல் மூன்று மணி. பேச எடுத்துக்கொண்டது விஜயபாஸ்கரின் எதிர்காலம். அதனால் அவனை யாரும் பேச விடவில்லை.

அவன் கையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று அல் ஐனில் கலீலுர் ரஹ்மானின் சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். விசா உண்டு, ரூம் உண்டு, சாப்பாடு உண்டு, படித்த படிப்புக்கு வேலைதான் இல்லை. இன்னொன்று ஒரு ஸ்டார்ட்அப். இரண்டுக்கும் இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் கைவிட்டுப் போனால் பதினோராம் நாள் பரமக்குடி.

"ஸ்டார்ட்அப்புன்னா என்ன மாப்ள?" என்றார் கார்மேகம்.

"இப்பதான் ஆரம்பிக்கிற கம்பெனி மாமா. எங்க பார்க்கிங் காலியா இருக்குன்னு சொல்ற ஆப்."

"எத்தன பேரு வேல பாக்குறாக?"

"என்னையும் சேத்தா ரெண்டு."

ஜெய்னுலாப்தீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீதான் தம்பி ரெண்டாவது ஆளு."

"எங்க கம்பெனியில நான் நானூத்திப் பதினெட்டாவது ஆளு," என்றார் கார்மேகம். மருமகனை அதுவரை பார்க்காத மாதிரி பார்த்தார்.

விஜயபாஸ்கருக்கும் அந்தப் பிரமிப்பு இருந்தது. புதன்கிழமை இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். லிஃப்ட்டுக்குள் பொத்தானே கிடையாது. வெளியே மாடி எண்ணைத் தொட்டால் அதுவே தூக்கிக்கொண்டு போய் முப்பத்தெட்டில் விட்டது. கண்ணாடிக்கு அப்பால் கடல் தெரிந்தது, காலுக்குக் கீழே மெட்ரோ ரயில் புழுவாக ஊர்ந்தது. முதலாளி ஃபாரூக்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. எழுந்து வந்து தன் கையாலேயே மெஷினில் காபி பிடித்துக் கொடுத்தார். "குடிங்க. இங்க எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம். எனக்குக் காலையில இருந்து இதுதான்." வேலை மேல் எவ்வளவு வெறி இருந்தால் ஒரு மனிதன் காபியிலேயே ஓடுவான் என்று விஜயபாஸ்கர் வியந்தான். ஆனாலும் எங்கோ உறுத்தியது. அது என்னவென்று அவனால் சொல்ல முடியவில்லை.

"நாங்க விசாரிக்கிறோம்," என்று கார்மேகம் அவன் ஃபோனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் முதலாளி.

"முதலாளியேவா?" கார்மேகம் தன்னையறியாமல் எழுந்து நின்றார். "சார், நான் பையனோட மாமா. ஒங்க கஃபீலு, அதான் விசாவுக்குப் பொறுப்பேத்த அரபி, யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"கஃபீலெல்லாம் இல்லைங்க. ஃப்ரீ ஸோன். எனக்கு மேல யாருமே கிடையாது."

கார்மேகம் ஃபோனைக் கையால் பொத்தினார். "மேல யாருமே இல்லையாம் பாய்."

"நீங்கல்லாம் எங்க தங்கியிருக்கீங்க?" என்று ஃபாரூக் கேட்டார். கார்மேகம் சொன்னார். மெட்ரோவுக்கு எத்தனை நிமிஷ நடை என்று ஃபாரூக் கேட்டார். ரூமில் எத்தனை பேர், ஏ.சி. ஒழுங்காக ஓடுகிறதா, காலையில் பாத்ரூமுக்கு வரிசை நிற்குமா, மூட்டைப்பூச்சி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வைத்தார்.



"பதினேழு வருசம்," என்றார் கார்மேகம். "மூட்டப்பூச்சி கடிக்குதான்னு ஒரு மொதலாளி என்னயக் கேட்டதில்ல."

ஜெய்னுலாப்தீன் எழுந்து பால்கனிக்குப் போய் யாருக்கோ ஃபோன் பேசிவிட்டு வந்தார். "கலீலுர் ரஹ்மான்ட்ட சொல்லிட்டேன். தம்பி வரமாட்டாரு, வேற ஆளப் பாத்துக்கன்னு. கலாஸ், முடிஞ்சது."

"பாய், நான் இன்னும் முடிவே பண்ணலையே."

"அதுக்குத்தானே வாப்பா நாங்க உக்காந்திருக்கோம்."

விஜயபாஸ்கர் ஃபோனைத் திரும்ப வாங்கினான். விசா எப்போது கிடைக்கும் என்று ஃபாரூக்குக்கு மெசேஜ் அனுப்பினான். பதில் உடனே வந்தது. "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்தே அப்ளை பண்ணலாம்."

"என்ன பணிவு பாத்தியா," என்றார் ஜெய்னுலாப்தீன். "தன்னையும் ஒன்னையும் ஒரே வரியில வைக்கிறாரு."

தங்குமிடம் பற்றிக் கேட்டான். "அது இன்னைக்குள்ள முடிவாயிடும்" என்று வந்தது.

கார்மேகம் கைதட்டினார். "ஃபிளாட்டு பாத்துக்கிட்டு இருக்காரு மாப்ள. ஒனக்காக, ஞாயித்துக்கெழமையில."

"அப்ப இவன் கட்டில் காலி," என்றார் ஜெய்னுலாப்தீன். விஜயபாஸ்கர் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய மேல் கட்டிலை இரண்டு கோணத்தில் படம் பிடித்து, 'கராமா பேச்சிலர் ரூம்ஸ்' வாட்ஸ்அப் குழுவில் வாடகைக்குப் போட்டார். கட்டிலுக்குப் பேரம் பேசுவதில் சாதிக் பாட்ஷா கெட்டி என்பதால் அவருடைய எண்ணைக் கொடுத்தார்.

"பாய், ராத்திரிக்கு நான் எங்க படுப்பேன்?"

"நம்பர் டூ கேக்குற கேள்வியா இது?"

இதற்குள் கார்மேகம் ஊரில் தங்கையை ஃபோனில் பிடித்துவிட்டார். "வடிவு, ஒம்மகன் கம்பெனியில ரெண்டாவது ஆளு. மொதலாளிக்கு அடுத்து இவந்தான்."

"இருங்கண்ணே, அகிலாட்ட சொல்லிட்டு வந்துர்றேன்," என்று ஃபோனைக் கட் செய்யாமலே போனாள் விஜயபாஸ்கரின் அம்மா. பக்கத்து வீட்டு அகிலா முழுசாகக் கேட்கிறவள் அல்ல. பத்து நிமிடத்தில் வடிவு திரும்பி வந்தபோது, மகன் துபாயில் பாதிக் கம்பெனிக்குச் சொந்தக்காரன் என்று தெரு முழுக்கப் போய்விட்டது. "நான் இல்லன்னு சொல்லல," என்றாள். "நல்ல பேருதானே."

வெங்காயக் கண்ணோடு எட்டிப் பார்த்த சாதிக் பாட்ஷா, அண்ணனைக் கூப்பிடும் கீழக்கரை முறையில் ஜெய்னுலாப்தீனைக் கூப்பிட்டார். "கட்டிலு முடிஞ்சிருச்சு காக்கா. ஆபீஸ்காரரு, நல்லாப் படிச்ச பேச்சு. பேரமே பேசல. அஞ்சரைக்கே பெட்டியோட வர்றாராம்."

விஜயபாஸ்கர் கணக்குப் போட்டான். அல் ஐன் போயிற்று, கட்டில் போயிற்று, ஊரில் தெருவும் போயிற்று. ஐந்து இருபதுக்கு "வேலையை ஏற்றுக்கொள்கிறேன்" என்று அனுப்பினான். இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. கார்மேகம் அவனைக் கட்டிப்பிடித்தார். பரமக்குடிக்காரன் ஒருவன் முப்பத்தெட்டாம் மாடிக்குப் போகிறான் என்று இரண்டு தடவை சொன்னார்.

சொன்னபடி ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. சாதிக் பாட்ஷா கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தார்.

வாசலில் புதன்கிழமை பார்த்த அதே வெள்ளைச் சட்டையோடு ஃபாரூக் நின்றார்.

"சார்," என்று விஜயபாஸ்கர் தாவி எழுந்ததில் தலை மேல் கட்டிலில் இடித்தது. "மாமா, இவருதான் ஃபாரூக் சார்."

கார்மேகம் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். யார் வந்தாலும் எழுந்திருக்காத ஜெய்னுலாப்தீன் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

"வேலைக்கு ஆள் சேந்து பத்து நிமிசம் ஆகல," என்றார் மெல்ல. "எப்பிடி இருக்கான்னு பாக்க மொதலாளியே வீடு தேடி வந்திருக்காரு. நாப்பது வருசத்துல இந்த ஊர்ல நான் இதப் பாத்ததில்ல."

"மெசேஜ் பாத்தேன் விஜயபாஸ்கர். ரொம்ப சந்தோசம்," என்ற ஃபாரூக், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவருக்குப் பின்னால் வெளியே நின்ற பெரிய பெட்டியைச் சாதிக் பாட்ஷா இழுத்து வந்து சுவரோரம் வைத்தார். "காக்கா, மேல் கட்டிலுக்குப் பேசினவரு இவருதான்," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.