ஐந்து முறை பிறந்த நாணயம்

“பழைய சீட்டைக் காட்டுங்க.”

இந்தக் கோரிக்கையை மட்டும் எந்தக் காலத்திலும் வைக்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் மாதம், என்னை நிரந்தரம் செய்யும் உத்தரவு மேசையில் கிடந்த கூட்டத்தில், வைத்துவிட்டேன்.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்று புரிய வேண்டுமானால் எங்கள் அலுவலகத்தின் பெருமை தெரிய வேண்டும். உலகிலேயே பாரபட்சம் அடியோடு ஒழிக்கப்பட்ட இடம் எங்கள் இரண்டாம் மாடிதான். லிஃப்ட் ஓடாததால்தான் பாரபட்சத்தால் ஏறி வர முடியவில்லை என்று சிலர் சொல்வது வெறும் பொறாமை.

சேகரிப்பவர்களின் பழைய நாணயங்களுக்கு நாங்கள் தரம் போடுகிறோம். ஒன்றிலிருந்து எழுபது வரை. நாணயம்தான் என்று சத்தியம் செய்தால் மட்டுமே நம்பக்கூடிய தேய்ந்த வட்டத்துக்கு ஒன்று. எழுபது வாங்க நாணயம் செய்ய வேண்டியது எளிது: பிறந்ததிலிருந்து எதையும் வாங்கியிருக்கக் கூடாது. நூறு சட்டைப்பைகளில் உழைத்தால் அது ‘தேய்மானம்’. ஒரே பெட்டியில் சும்மா படுத்திருந்தால் அது ‘தரம்’. என் அப்பா மூட்டை தூக்குகிறவர். எழுபது வாங்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் எந்தக் காசும் தங்கியதில்லை.

எங்கள் தலைமை மதிப்பீட்டாளருக்கு நாங்கள் வைத்த பெயரும் ‘எழுபது’தான். கை படாத மனிதர்.

கறுப்பு வெல்வெட் துணி, ஒற்றை விளக்கு, ஐந்து மடங்கு லென்ஸ். நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். வெளிச்சம் வட்டமாக ஓட வேண்டும். ராஜாவின் கன்னமும் காதோர முடியும்தான் முதலில் தேயும். மூன்று பேர் ‘தனித்தனியாக’ மதிப்பெண் போடுவோம். மற்ற இருவரும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தனித்தனியாகப் போடுவார்கள். பிறகு படம் எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மதிப்பெண் சீட்டு ஒட்டி, ‘உலகப் பதிவேட்டில்’ ஏற்றுவோம்.

“பார்த்ததை மறந்துடணும்மா,” என்பார் எழுபது. “ஒவ்வொரு நாணயத்தையும் இப்பத்தான் பொறந்த குழந்தையா பார்க்கணும். அதுதான் நேர்மை.”

பழைய சீட்டுகளின் நகல்கள் அவருடைய பீரோவில் பூட்டிக் கிடப்பதும் இந்த நேர்மையைக் காப்பாற்றத்தான். என்னிடம் ஒரு குறை. எனக்கு மறக்க வராது. எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். மனப்பாடம் செய்தே கரையேறியவள்.

நாணயம் யாருடையது என்பதும் எங்களுக்குத் தெரியாது. பெயரை மறைத்துவிடுவார்கள். சாதாரண ஆட்களுடையது பழுப்பு உறையில் வரும். ‘மதிப்புமிகு உறுப்பினருடையது’ நீல வெல்வெட் பெட்டியில் வரும். அதைத் தவிர எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

நான் சேர்ந்த வாரம் என்னை வரவேற்பு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். தெருமுனையில் துணி தைக்கும் அக்கா ஒரு வெள்ளி நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அதைப் பழுப்பு உறையில் போட்டு நான்தான் உள்ளே அனுப்பினேன். ஐம்பத்தைந்து வந்தது. ‘ராஜாவின் காதுக்குக் கீழே கீறல். குறை.’

படிக்கட்டில் நீல வெல்வெட் பெட்டியோடு நின்றிருந்த ஒருவர் சீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். “ஐம்பத்தஞ்சா? கீறல் வேறயா? பாவம், நானே எடுத்துக்கறேன் விடும்மா.” அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, நான் லென்ஸ் பிடிக்க உட்கார்ந்த முதல் வாரத்தில், நீலப் பெட்டியில் ஒரு நாணயம் வந்தது. அதே காது, அதே கீறல். ஐம்பத்தெட்டு: ‘லேசான கீறல்.’ அடுத்த முறை அறுபத்தொன்று: ‘காலத்தின் தடம்.’ அதற்கடுத்து அறுபத்துமூன்று: ‘அச்சடிக்கும்போதே விழுந்த அழகிய கோடு.’ இப்போது அறுபத்தைந்து: ‘அரிய தனித்தன்மை.’ பிளாஸ்டிக் உறையை உடைப்பதும் திரும்ப அனுப்புவதுமாக நீலப்பெட்டிக்காரர் அந்த நாணயத்தை எவ்வளவு அக்கறையாகப் படிக்க வைத்தார் என்று நினைத்தால் கண் கலங்குகிறது. நானெல்லாம் ஒரே ஒரு முறைதான் பரீட்சை எழுதினேன்.

அன்றைய கூட்டம் இந்தச் சாதனையைக் கொண்டாடத்தான். மூன்றாவது மதிப்பீட்டாளராக நான் கையெழுத்துப் போட்டால் அறுபத்தைந்து உறுதி. கூடவே என் உத்தரவும் உறுதி. “ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் தொறக்காதடி, உன் கால்ல விழறேன்,” என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

எழுபது தொண்டையைச் செருமினார். “உலகப் பதிவேட்டுல இந்த வகை நாணயம் இதுவரைக்கும் நாலுதான். இன்னிக்கு அஞ்சாவது கிடைச்சிருக்கு!”

மற்ற இருவரும் தனித்தனியாகக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் கேட்டேன். “பழைய சீட்டைக் காட்டுங்க சார்.”

கைதட்டல் நின்றது.

“எந்தச் சீட்டும்மா?”

“இதோட பழைய சீட்டு. நாலும்.”

“பொறந்த குழந்தைக்கு ஏதும்மா பழைய சீட்டு?”

“இந்தக் குழந்தை அஞ்சு தடவ பொறந்திருக்கு சார். ஒவ்வொரு தடவையும் வயசு குறைஞ்சுக்கிட்டே வருது.”

“நீ இன்னும் மறக்கக் கத்துக்கல,” என்றார் வருத்தமாக. உத்தரவை என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். “நல்ல பொண்ணு. வீட்டுக்கு மூத்தவ. கஷ்டப்பட்டுப் படிச்சு வந்திருக்க. ஒரு கையெழுத்து. எதுக்கு வம்பு?”

“அஞ்சு விதமா எழுதியிருக்கோம் சார், ஒரே கீறலுக்கு.”

“பார்வை வளருதும்மா.”

“பழுப்பு உறையில வரும்போது ஏன் வளரல?”

மற்ற இருவரும் ஒரே நேரத்தில் டீயை ஊதினார்கள்.

“ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார் எழுபது. குரலில் இப்போது ‘ம்மா’ இல்லை.

“உறையில போடறதுக்கு முன்னாடி எடுக்கற படம் இருக்கு சார். அஞ்சும் இருக்கு.”

“எங்க?”

“வெளியே, அறிவிப்புப் பலகையில. காலையில வந்ததும் மாட்டிட்டேன்.”

எழுந்தேன். உத்தரவு அங்கேயே கிடந்தது. ஒரு மடிப்புக்கூட இல்லை; தாராளமாக எழுபது கொடுக்கலாம்.

கூடத்தில் தையல்கார அக்கா நின்றிருந்தார். அந்த முதல் நாணயத்தின் ஜோடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அன்று காலையிலிருந்தே காத்திருந்தார். படிக்கட்டில் நீலப்பெட்டிக்காரரும் காத்திருந்தார். அக்கா பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் கண்ணு, என் காசை எதுக்கு அஞ்சு தடவ மாட்டி வெச்சிருக்கீங்க?”

பின்னாலேயே ஓடிவந்த எழுபது கையில் லென்ஸோடு நின்றார். “உங்க காசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? லென்ஸ்கூட இல்லாம?”

“கீறல் போட்டதே நான்தானே சார். ஊசி டப்பாவுல கிடந்துச்சு. கத்தரி முனை பட்டுடுச்சு.”

“வெளியாட்கள் நாணயத்தைப் பத்திக் கருத்துச் சொல்ல விதியில இடமில்ல!”

நான் அக்காவின் கைக்குட்டை முடிச்சை அவர் உள்ளங்கைக்குள்ளேயே மூடி, “இதை இங்க கொடுக்காதீங்கக்கா, வாங்க,” என்றேன். நீலப்பெட்டிக்காரர் விலகி வழிவிட்டார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினேன்.

“அவங்க கருத்து சொல்லல சார். அடையாளம் சொல்றாங்க. திருட்டுக் கொடுத்தவங்க அப்படித்தான் சொல்வாங்க.”