மூன்றாம் மேடையில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கு நான் ஒருவாறு நலம். அங்கு உங்கள் நலத்தோடு உங்கள் தங்கையின் கோபமும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். அவள் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக இந்த ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறேன் அல்லவா, என் குரலைக் கேட்டால் குழந்தைகள் வீறிடுகின்றன என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். குரலில் குற்றமில்லை, சொற்கள்தான் முரடு என்று எனக்குப் பட்டது. "தண்டவாளத்தைக் கடக்காதீர், தட்டுப்பட்டால் தண்டம் கட்டுவீர்" என்றால் ஒவ்வொரு எழுத்தும் காலி டப்பாவாக உருளுகிறது. ஆகவே இரண்டு நாள் உட்கார்ந்து வல்லினத்தை வடிகட்டி, மோனை கோத்து, இன்று இரண்டு மணி வண்டிக்கு வாசித்தேன்: "மெல்ல மெல்ல வரும் மலையோர வண்டி, மூன்றாம் மேடையில் முகிலென நிழல் விழும், விலகி நில்லுங்கள்." 'வண்டி', 'மேடை' என்ற சொற்களை மாற்ற மட்டும் வழியில்லை. மூன்றாம் முறை சொல்லும்போது எனக்கே கண் சொருகியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, டிக்கெட் பரிசோதகர் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், வெயில்கூடக் கொட்டாவி விடுவது போலிருந்தது. வண்டி வந்தது, நின்றது, ஒருவரும் ஏறாமல் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன் மச்சான், அது அழகாகத்தான் இருந்தது, உங்களைப் பார்க்கக் கிளம்பிய உங்கள் தங்கையும் அந்த வரிசையில் வாயைத் திறந்தபடி தூங்குவதைப் பார்க்கும்வரை.

விழித்ததும் நேராக என் அறைக்கு வந்தாள். "ஊருக்கெல்லாம் இவ்வளவு இதமா பேசத் தெரியுதே, வீட்டுல மட்டும் 'சட்டை எங்க, சாப்பாடு எடு'ன்னு ஏன் கத்துறீங்க? நான் அடுத்த வண்டியில போறேன். இனிமே எனக்கு அண்ணன் வீடுதான்!" ஐந்தரை மணி வண்டிக்கும் அதையேதான் வாசித்தேன், வேறு தாள் கையில் இல்லை. இம்முறை நிலைய அதிகாரி ஆள் விட்டுத் தூங்கியவர்களைத் தட்டி எழுப்பி ஏற்றினார், அவளும் அதில்தான் ஏறியிருப்பாள்.

அவள் சொன்னது நிஜம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பிவையுங்கள். இந்த வரியை மட்டும் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்: "நீ இல்லாமல் நிம்மதி இல்லை. மெல்ல வா, ஆனால் வா."

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நன்றாக உறங்கி, நேரத்துக்கு எழுக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது என் அறைக் கதவு தட்டப்பட்டது. அவள்தான். மேலே எழுதிய எதையும் கண்டுகொள்ள வேண்டாம். "மறுபடியும் தூங்கிட்டியா?" என்றேன். "தூங்கலை, கேட்டுட்டே உக்காந்துட்டேன்" என்றாள். பிறகு, "ஏழு மணி வண்டிக்கும் அதையே சொல்லுவீங்களா?"